யோகநாதன் உடைத்துக் கட்டிய அடுப்பு

முரசுமோட்டையில் மேசன் என்று கேட்டால் யோகநாதனின் வீட்டைத்தான் காட்டுவார்கள். போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்த பிறகு அந்தப் பக்கம் எழும்பிய வீடுகளில் அறுபதுக்கு மேல் அவர் கைபட்டவை. தன் வளவில் அவர் ஆசைப்பட்டுக் கட்டியது பின்பக்கத்தில் சமைக்கவென ஒரு வெளிக்குசினி மட்டும்தான். நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள் பிரஷாந்தினி கேட்டாள் என்று, இறைச்சி வாட்டும் இரும்பு அடுப்பொன்றைச் சீமெந்துக் கட்டுக்குள் பதித்துக் கொடுத்தார். மூன்று விடுமுறைகள் அவள் அதில் கோழி வாட்டினாள். பிறகு புற்றுநோய் வந்தது; சின்னப் பிள்ளையொன்றை விட்டுவிட்டு அவள் போய்விட்டாள். தாய் தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. மகளின் செத்தவீட்டை அவர்கள் கைத்தொலைபேசியில் பார்த்தார்கள்.

மூன்று வருடம் போனது. மருமகன் ரூபன் கௌசலாவை மறுமணம் செய்தான். போன யூலையில் அவன் தொலைபேசியில் பேசினான்.

"மாமா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறம். கௌசலாவும் வாறா. அந்த அடுப்பு துருப்பிடிச்சிருக்கும். புதுசு ஒண்டு கொழும்பிலையிருந்து அனுப்பிவிடுறன். வைச்சுவிடுவியளே?"

"ஓம் தம்பி," என்றார்.

பெட்டி வந்து சேர்ந்தது. பழையதைவிட நாலு அங்குலம் அகலம். சீமெந்துக் கட்டை உடைக்காமல் அது உள்ளே போகாது. யோகநாதன் உளியும் சுத்தியலும் எடுத்தபோது மனைவி விமலேஸ்வரி வந்து முன்னால் நின்றாள்.

"அவள் நிண்டு சமைச்ச இடம். உடைக்கத்தான் வேணுமோ?"

"அடித்தகடு துருவிலை உக்கிப்போச்சு, விமலா. தணல் பிள்ளையின்ர காலிலை கொட்டும்."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் தனியே உடைத்தார். மற்றவர்களின் சுவர்களை எத்தனையோ முறை இடித்த கை, அன்று ஒவ்வொரு கல்லுக்கும் நின்று நின்று போனது. சூட்டில் இரும்பு விரியும் என்று சுற்றிவர அரை அங்குல இடைவெளி விட்டுப் புதியதை இருத்தினார். மட்டம் பார்த்து, பூசி முடிக்க மூன்று நாளானது.

அவர்கள் வந்தார்கள். கௌசலா அடக்கமான பெண். தானே கோழிக்கு மசாலா பிரட்டி அடுப்படியில் நின்றாள். ஆறு வயதுப் பேத்தி நிலானி யோகநாதனின் கையைப் பிடித்தாள்.

"அம்மப்பா, இது ஆர் கட்டினது?"

"நான்தான்."

"அம்மாவுக்காகவோ?"

"ஓம், அம்மாவுக்காகத்தான்," என்றார் மகளை நினைத்து.

பிள்ளை கௌசலாவிடம் ஓடியது. "அம்மா, அம்மப்பா இதை உங்களுக்காகக் கட்டினவராம்."

கௌசலாவின் முகம் மாறிப்போனது. கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். "அப்பா, நான் இவளுக்குச் சொல்லுறன்," என்றாள் யோகநாதனிடம் மெதுவாக.

"இப்ப வேண்டாம் பிள்ளை. அவள் சாப்பிடட்டும்."

கிணற்றடியில் நின்ற விமலேஸ்வரிக்கு எல்லாம் கேட்டது. அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அவர்கள் புறப்பட்டுப் போன பிறகுதான் வாய் திறந்தாள்.

"பெத்தவள் ஆரெண்டு ஏன் சொல்லேல்லை?"

"ஆறு வயசு. கூப்பிட அதுக்கு ஒரு அம்மா இருக்கட்டும்."

இரண்டு நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள்.

"திரும்ப எப்ப வருவினமாம்?"

"அடுத்தமுறை கௌசலாவின்ர தாய் வீட்டை போவினமாம். வவுனியா."

"வவுனியா தூரமில்லைத்தானே," என்றாள் விமலேஸ்வரி.