ரோலர் அறையில் பிளேன்டீ கோஷ்டி

அழகருக்கு முதலில் கேட்காமல் போனது பிரஷர் குக்கரின் விசில். மனைவி பாக்கியலெட்சுமி பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். பருப்பு கருகி வாடை வந்த பிறகுதான் எழுந்து ஓடினார்.

"தூங்கிட்டீங்களா?"

"ஆமா" என்றார். ஒரு மாதம் கழித்து அவராகவே உண்மையைச் சொன்னார்.

பிறகு போன் மணி போனது. குருவி போனது. பேத்தியின் பேச்சு போனது. பதுளையில் ஒரு காது டாக்டர் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். அழகர் அமுக்கியது ஏழெட்டுத் தடவைதான்.

"எங்க வேல செஞ்சீங்க?"

"தேயிலப் பெக்டரியில, கொழுந்து அரைக்கிற ரோலர் ரூம்லங்க. முப்பத்தொரு வருஷம்."

டாக்டருக்கு அது போதுமாக இருந்தது. தடித்த சத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மெல்லிய சத்தம் இனித் திரும்பாது என்று ஒரு தாளில் எழுதியே காட்டினார்.

விஷயம் வீட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்று அழகர் மனைவியிடம் சொல்லிவைத்தார். காரணம் வேறொன்றுமில்லை, அவர் கிட்டார்காரர்.

பசறை வீதியிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அவர். எல்லவுக்கு வந்த வெள்ளைக்காரப் பயணி ஒருவன் விட்டுப்போன கிட்டார், எழுபத்தேழில் எப்படியோ அவர் கைக்கு வந்து சேர்ந்தது. ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமை வரும் இங்கிலீஷ் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே வாசிக்கப் பழகினார். இரண்டு வருடத்தில் அவரோடு சேர்த்து நால்வரானார்கள். பதுளைக் கடைவீதி ஸனூஸ் டிரம்ஸ், பண்டாரவளைப் புவாத் ஓர்கன், கணக்கப்பிள்ளை மகள் கலாராணி பாட்டு. பால் வாங்க வழியில்லாத கோஷ்டி என்று ஸனூஸ் வைத்த பெயர்தான் 'பிளேன்டீ'. கலாராணி இங்கிலீஷ் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வார். சொந்தமாகவும் ஒரு தமிழ்ப் பாட்டுக் கட்டினார்கள். பெயர் 'கடைசி பஸ்'. அதில் இரண்டாம் சரணம் முடிந்ததும் கிட்டார் தனியாக எழுந்து உச்சத்துக்குப் போய் இறங்கும். அந்த இடத்துக்காகவே ஆட்கள் கைதட்டக் காத்திருப்பார்கள்.

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் பதுளையில் எரிந்த கடைகளில் ஒன்றின் பின்னறையில்தான் டிரம்ஸும் அம்ப்ளிபயரும் இருந்தன. அதோடு கோஷ்டி முடிந்தது. புவாத் வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போனார். ஸனூஸ் வாப்பாவின் இரும்புக் கடையில் உட்கார்ந்தார். கலாராணி டீச்சரானார். அழகர் ரோலர் ரூமுக்குள் போனார்.

நாற்பது வருடம் கழித்து, போன தை மாதம், ஊர் திரும்பியிருந்த புவாத் மூவரையும் பண்டாரவளையில் தன் வீட்டுக்கு அழைத்தார். அழகர் வெளிச்சம் விழும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ரோலர் ரூமில் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இப்போது அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"வெளிநாட்டுல மெஷின் சத்தத்தையே தாளமா வெச்சுப் பாட்டுப் போடுறாங்க மச்சான். இண்டஸ்ட்ரியல்னு பேரு" என்றார் புவாத். "நாங்க விட்டுப்போகாம இருந்திருந்தா அப்பிடித்தான் ஏதாவது செஞ்சிருப்போம். சும்மா நெனச்சுப் பாரு. அழகர்ட பெக்டரி, எங்கட பாட்டு."

"என்ட கடையில கம்பி வெட்டுற சத்தமும் ஈக்குது. அதையும் எடுத்துக்க" என்றார் ஸனூஸ். "கடைக்கு வார ஆளுங்க கத்துறதும் ஃப்ரீ."

"அந்தப் பெக்டரி மூடிக் கெடக்கேண்ணே" என்றார் கலாராணி.

"ஒரு ரோலர் இன்னும் ஓடுமாம். மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கெழம தொறந்து தாறோம்னு சொல்லிட்டாங்க. 'கடைசி பஸ்'ஸ அங்கயே ரெக்கோர்ட் பண்ணுவோம்." புவாத் அழகர் பக்கம் திரும்பினார். "கை வராட்டிச் சொல்லு மச்சான். வெலிமடையில நல்லா கிட்டார் வாசிக்கிற ஒரு ஆள் ஈக்குது."

"எனக்கென்ன கேடு? வாசிப்பேன்" என்றார் அழகர்.

மூன்று வாரம் பழகினார். கம்பிகளைச் சுருதி கூட்டப் போனில் முள் காட்டும் வசதி இருந்தது. பச்சை விழுந்தால் சரி. தடித்த கம்பிகள் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டன. மேல் கம்பிகளை விரல்தான் வாசித்தது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. விரலுக்கு மறக்கவில்லை என்பதே அவருக்கு ஒரு தெம்பாக இருந்தது. தன் இடத்தில் இன்னொருவன் நின்று அந்தப் பாட்டை வாசிப்பதை மட்டும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புவாத் பதிவுக்குக் கணினியை விரித்துவைத்ததும், காவல்காரர் சுவிட்சைப் போட்டார். பித்தளைத் தட்டின் மேல் வட்டமாக அரைத்துக்கொண்டு ரோலர் கிளம்பியது. சிமெந்துத் தரை வழியாக அதிர்வு அழகரின் உள்ளங்காலில் ஏறியது. அவருக்கு முழுசாகக் கேட்ட ஒரே சத்தம் அதுதான். மற்ற மூவரும் புதுப் பொம்மையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

பாட்டு தொடங்கியது. வருடக்கணக்காகப் படிந்த தேயிலைத் தூசு மேலெல்லாம் எழும்பியது. கலாராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே பாடினார். அழகர் அதற்குத் தயாராக வரவில்லை. உதடு தெரியாமல் தலைப்பையே பார்த்தார். இரண்டாம் சரணம் முடிந்திருக்கும் என்று நினைத்துத் தன் கிட்டார் இடத்தை எடுத்தார். ஸனூஸ் குச்சியை உயர்த்தி நிறுத்தினார்.

"மச்சான், டீச்சர் இன்னும் பஸ்ஸுக்கே வரல்ல. நீ எங்க போற?"

குச்சி உயர்ந்ததையும் சிரிப்பையும் பார்த்து, "மறந்துட்டேன்" என்றார் அழகர்.

இரண்டாம் தடவை சரணம் முடிந்தும் வாசிக்காமல் நின்றார். மூன்றாம் தடவை மறுபடி முந்தினார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. புவாத் கணினியை விட்டு எழுந்து, "களைப்பா ஈந்தா இன்னொரு நாளைக்கு வெப்போம்" என்றார். அழகர் அப்போது ரோலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புவாத் பக்கம் திரும்பவேயில்லை.

கலாராணி அதைக் கவனித்தார். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவர், கடைசி வாங்கில் உட்காரும் எந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று கண்டுபிடித்துப் பழகியவர். தலைப்பை இறக்கினார். அழகருக்கு நேர் முன்னால் வந்து நின்று, இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார்.

இந்தத் தடவை அழகருக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. வரி வரியாக உதடு அசைந்தது, அவர் கூடவே போனார். எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே இழுக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. இடம் பிசகாமல் எடுத்தார். வாசித்துக்கொண்டே சந்தோஷமாக ஸனூஸைப் பார்த்தார்.

ஸனூஸின் குச்சிகள் மடியில் கிடந்தன. புவாத் கை வேலையை விட்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? சரியாத்தானே போச்சு?"

கலாராணியின் கண்கள் நிறைந்திருந்தன. பாடும்போது புடைக்கும் கழுத்து நரம்பு இந்தத் தடவை புடைக்கவேயில்லை என்று அப்போதுதான் அழகருக்கு விளங்கியது. கலாராணி பாடவேயில்லை. உதட்டை மட்டும் அசைத்திருந்தார்.

அழகர் கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு பழைய தேயிலைப் பெட்டியொன்றில் உட்கார்ந்தார்.

"எத்தன வருஷமாண்ணே?" என்றார் கலாராணி, உதடு நன்றாகத் தெரியும்படி.

"ஆறு ஏழு வருஷம் இருக்கும். இந்த மெஷின் மட்டுந்தான் கேக்குது."

புவாத் போய் சுவிட்சை அணைத்தார். அழகருக்கு உள்ளங்காலும் அடங்கிப்போனது. திரும்பி வந்த புவாத்தின் முகம் வெளுத்திருந்தது.

"நான் போய் ஒன்ட காதக் கெடுத்த இதையே பாட்டுல போடுவோம்னு சொல்லிட்டேனே மச்சான். இந்தச் சத்தம் வேணாம். சும்மா பாடுவோம்."

"போடு அதை" என்றார் அழகர். "அது ஓடலேன்னா நீங்க எந்தத் தாளத்துல இருக்கீங்கன்னே எனக்குத் தெரியாது. வெலிமட ஆளைக் கூப்புடுறதா இருந்தா சொல்லிருங்க, போயிடுறேன்."

ஸனூஸ் எழுந்து போய்த் தானே சுவிட்சைப் போட்டார்.

கலாராணி வாயைப் பொத்தாமல், இருமலை அடக்கிக்கொண்டு, அழகரின் முகத்துக்கு நேரே நின்று பாடினார். இந்த முறை கழுத்து நரம்பு புடைத்ததால் பாடுகிறார் என்று தெரிந்தது. இரண்டாம் சரணம் முடிந்ததும் தலையசைத்தார். அழகர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். உச்சிக்குப் போய், ஒவ்வொரு படியாக இறங்கி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

மூவரும் குனிந்திருந்தார்கள்.

"என்ன, சுருதி விட்டுப்போச்சா?"

"இல்லண்ணே" என்று தலை நிமிர்ந்த கலாராணியின் உதடு சொன்னது. "நல்லா வந்துச்சு."

"சும்மா சொல்லாத கலா."

"நெசமாத்தாண்ணே."

அழகர் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல் விளங்கியது. அதைக் கலாராணி எந்தக் குரலில் சொன்னார் என்பது விளங்கவில்லை.