அம்பு விழாத வட்டம்

என் ஆராய்ச்சி வாதங்களைப் பற்றியது. ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு வட்டம் போடுவேன். ஒன்று இன்னொன்றை வெட்டினால் அம்புக்குறி, தாங்கினால் புள்ளிக்கோடு. எதிர்த்து ஒரு அம்பும் வராத வட்டம் ஜெயித்துவிடும். கணினிக்குச் சண்டை போடச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வீட்டில் கேலி உண்டு.

அப்பா போனபிறகு ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தோட்டம் அம்மா பெயருக்கு வந்தது. ஆனால் பாசனத் தண்ணீரை முறைவைத்துப் பிரிக்கும் வாய்க்கால் கூட்டத்தில் எங்களுக்காகப் பேசுவது சித்தப்பா. போன கோடையில், குலை தள்ளும் நேரத்தில், எங்கள் தண்ணீர் முறையை மேல்மடைக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். பாதி வாழை காய்ந்து சரிந்தது.

இந்த முறை அம்மாவே போகட்டும் என்று அவரிடம் மல்லுக்கு நின்றேன்.

"பொம்பளைங்க வந்த வழக்கம் இல்லையே" என்றார். பஞ்சாயத்துத் தலைவரே பெண்தானே என்றேன். "அங்கன வாய்த்தகராறு வரும்" என்றார். ரேஷன் கடை வரிசையில் வராததா என்றேன். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார்.

"மதினிக்கே இஷ்டமில்ல. நீ எதுக்கு அவுகள இழுத்து விடுத?"

தோற்ற கடுப்பில் காலண்டர் தாளின் பின்புறம் படம் போட்டேன். அவருடைய எல்லா வட்டங்கள்மேலும் என் அம்புகள் இருந்தன, அந்தக் கடைசி வட்டத்தைத் தவிர. மற்றவற்றைத் தாங்கிய புள்ளிக்கோடுகள் அத்தனையும் அதிலிருந்துதான் கிளம்பின. அதை ஏன் விட்டுவைத்தேன் என்று யோசித்தபோது வெட்கமாகிவிட்டது. நானும் அதை நம்பியிருந்தேன்.

அடுக்களையில் அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கூட்டத்துக்குப் போக உனக்கு இஷ்டமில்லையாம்மா?"

அம்மா நிமிரவில்லை. "எங்கிட்ட எப்ப கேட்டிய? அவுகளும் கேக்கல, நீயும் கேக்கல. ரெண்டு பேருமா எனக்காவ சண்ட போட்டுட்டு இருக்கிய."



ஞாயிற்றுக்கிழமை அம்மா போனார். நானும் போனேன், வாயைத் திறக்கக்கூடாது என்ற கட்டளையோடு. எங்கள் மடையின் பேச்சு வந்ததும் சித்தப்பா எழப் பார்த்தார். அம்மா முந்திக்கொண்டார்.

"இருங்க தம்பி. என் தோட்டத்துக்கு நான் பேசுதேன். இந்த வாரத் தண்ணி எங்க முறை. யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு இஷ்டமில்ல."

கூட்டம் கொஞ்ச நேரம் முணுமுணுத்தது. யாருக்கு எப்போது தண்ணீர் என்று பதியும் முறைநோட்டை வைத்திருந்தவர், "அதான் சொல்லியாச்சுல்லா, உக்காருங்க அக்கா" என்றார்.

"எழுதுங்க. உக்காருதேன்."