பாலைவனத்துக்குப் பூக்கேட்டது

எங்கள் தெருவில் ஆத்மநாதன் மாமாவை யாரும் நம்பவில்லை. பதினாறு வருஷம் சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டியவர். இப்போது ஆலங்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை. வயது நாற்பத்தெட்டு. திடீரென்று, ராஜஸ்தானில் பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் வரை ஏழு நாள் தனியாக சைக்கிளில் போகிறேன் என்றார். துணைக்கு வண்டி கிடையாது. கூடாரம், அடுப்பு, அரிசி, தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாம் சைக்கிளிலேயே.

"அத்தன வருஷம் பாத்த பாலைவனம் பத்தலையா மாமா?"

"ஏசி கண்ணாடிக்குள்ள இருந்து பாத்தேன் சத்யா. ஒருநா எறங்கி மணல்ல நின்னதில்ல."

பத்து லிட்டர் தண்ணீர்க் கேனும் பாரத்துக்கு ஒரு சாக்கு மணலும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சித்தன்னவாசல் வரை போய்வந்து பழகினார். டீக்கடையில் அதைச் சாராயக் கேன் என்றார்கள். போலீஸ் விசாரிக்கிறது என்று நானும் கிளப்பிவிட்டேன். மாமா இரண்டு நாள் முந்திரிக்காட்டு வழியாகவே போனார்.

மாமாவின் மனைவி திலகவதி அத்தையின் சந்தேகம் வேறு. மாமா ஒவ்வொரு சாமானையும் தராசில் வைத்து எடையைக் குறைத்தார். துண்டைப் பாதியாகக் கிழித்தார். பல் பிரஷ்ஷின் காம்பை வெட்டினார். கல்யாண மோதிரத்தைக் கழற்றி பீரோவில் வைத்தார்.

"திரும்பி வாறவரு மோதிரத்த ஏன்டி கழட்டணும்? சாமியாராப் போறாரு. இல்லைன்னா அங்கிட்டு எவளோ இருக்கா."

"வெயில்ல வெரல் வீங்குமாம் அத்தை."

"நீ யாரு பக்கம்டி?"

கடைசியில் மாரியம்மன் கோயிலில் பூக்கேட்பது என்று முடிவானது. இரண்டு பொட்டலம். சின்னப்பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் சைக்கிளை விற்றுவிட வேண்டும். பொட்டலம் கட்டும் வேலை எனக்கு. ப்ளஸ் ஒன் முடிக்காதவளை நம்பி ஊர் கொடுத்த முதல் பொறுப்பு.

பூக்கேட்பதற்கு முந்தின நாள் அத்தை வந்தாள். "ரெண்டுலயும் செவப்பே வச்சிரு ஆத்தா. பதினாறு வருஷம் போன்லயே குடும்பம் நடத்திட்டேன். இன்னொருக்க முடியாது."

அரைமணி கழித்து மாமா வந்தார். "ரெண்டுலயும் வெள்ளை. ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு."

இருவருக்கும் சரி என்றேன். நான் ஏமாற்றாத ஆள் தெருவில் இல்லை. இவர்கள் இரண்டு பேரில் யாரை ஏமாற்றுவது என்றுதான் தெரியவில்லை. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று முறையாகவே கட்டினேன்.

வெள்ளிக்கிழமை பூசாரியின் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் நந்தியாவட்டை.

"என்ன சொல்லி வச்சீங்க இவகிட்ட?" என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டே அத்தை மற்றதைப் பிடுங்கிப் பிரித்தாள். செவ்வரளி.

"அப்ப நீ ரெண்டுலயும் வெள்ளை வைக்கலியா?" என்று என்னைக் கேட்டுவிட்டு மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அத்தை திட்டவில்லை. "நான் ரெண்டுலயும் செவப்பு வைக்கச் சொன்னேன்."

மாமா கோயில் படியில் உட்கார்ந்தார். "வரமாட்டேன்னு நெனச்சியா?"

"ஒங்களுக்குப் போயிதான பழக்கம்."

"சைக்கிள வித்துர்றேன்," என்றார் மாமா.

"மாரியாத்தாளே சரின்னுட்டா, நான் யாரு. ஜெய்சல்மேருக்கு ரயில் போகுதா?"

"போகுது."

"நான் அங்கிட்டு வந்து நிக்கிறேன். ஏழாம் நாள் சாயந்தரம் வரலைன்னா போலீஸுல எழுதிக் குடுத்துருவேன்."

மறுநாள் மாமா புதுக்கோட்டைக்குப் போய் டிக்கெட் எடுத்து வந்தார். அத்தை வாங்கி, திரும்பி வரும் டிக்கெட்டில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்தாள். பிறகு என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.