கயிறு பிடிக்கிற பல்லு

முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பான். அதற்கும் பிறகு, ஏறப்போகிறவரின் இடுப்புப் பட்டையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கி, "ம், கெளம்பு" என்பான். அவன் அப்படிச் சொல்லாமல் எங்களில் ஒருவரும் பாறையில் கை வைத்ததில்லை.

பல் செட் செய்வது அவன் தொழில். மாடியில் ஒரு சின்ன அறை. மேஜை முழுக்கப் பிளாஸ்டரில் வார்த்த ஊரார் வாய்கள். அதனால் எங்களுக்கு அவன் பல்லு. ஆறு வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவை, நானும் அவனும் எலெக்ட்ரீஷியனும் மாட்டு டாக்டரம்மாவும் ஒரே காரில் மலைப்பாதைகளைச் சுற்றி, கண்ணில் படுகிற பாறையில் எல்லாம் ஏறிவிட்டு வருகிறோம். ஏறுவது நாங்கள் மூன்று பேர். பல்லு கீழே நின்று கயிறு பிடிப்பான். எலெக்ட்ரீஷியன் பின்பக்கமாக நடந்துபோய் உச்சியில் மாட்டிவிட்டு வரும் கயிற்றின் ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில், மறுமுனை பல்லுவின் கையில். கால் வழுக்கினால் அந்தப் பிடிதான் உயிர்.

வழி சொல்வதும் அவன்தான். அதில் அவனை நம்பினால் போச்சு. மடியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, திருப்பத்தைத் தாண்டிய பிறகு, "இதுலதான் திரும்பியிருக்கணும்" என்பான்.

"அத முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?" என்று எலெக்ட்ரீஷியன் கத்துவான்.

"முன்னாடி பாத்தப்ப வேற மாதிரி இருந்துச்சு."

இந்த வருடம் மூடுபனியில் ஒரே பாலத்தை மூன்று தடவை கடந்தோம். மூன்றாவது தடவை பாலத்துக்கே எங்களைப் பார்த்துச் சலித்திருக்கும்.

இவன் எதற்கு வருகிறான் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. கேட்டால், "வீட்ல இருந்தா போரடிக்கும்" என்பான். வந்த இடத்தில் நாள் முழுக்க அண்ணாந்து நிற்பான். "டாக்டரம்மா, உங்க எடது ஷூ குதிகால் தேஞ்சு போச்சு" என்று கீழிருந்து சேதி சொல்வான். சரி, ஒருத்தனுக்குக் கயிறு பிடிக்கப் பிடித்திருக்கிறது போலும் என்று விட்டுவிட்டோம். அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில், அவித்த முட்டையை உரித்துக்கொண்டே, "இன்னிக்கு நான் ஏறுறேன்" என்றான்.

"எதுக்குடா?"

"திங்கக்கிழமை பாப்பா ஸ்கூல்ல பேசக் கூப்புட்டிருக்காங்க. மலை மேலேர்ந்து பாத்தா எப்படி இருக்கும்னு."

"உன்னையா?"

"எங்கப்பா மலை ஏறுவார்னு கிளாஸ்ல சொல்லி வச்சிருக்கா. நான் ஏறுறேன்னு அவகிட்ட சொன்னதில்ல. ஏறலைன்னும் சொன்னதில்ல. அப்படியே ஓடிப்போச்சு."

பின்பக்கம் ஒற்றையடிப் பாதை இருக்கிறதே, அதில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றார் டாக்டரம்மா.

"அது ஏறினதாகுமா? முன் பெஞ்சுல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருப்பா." முட்டையைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

பட்டையைக் கட்டினான். முடிச்சை இழுத்தான், தடவினான், தன் இடுப்பைத் தானே குலுக்கிக்கொண்டான். பிறகு திரும்பி, "யாரு புடிக்கிறீங்க?" என்றான்.

நான் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தேன். அவன் டாக்டரம்மாவைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் பயிற்சியில் கயிறு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு நினைவிருந்தது பயிற்சியாளரின் மீசை மட்டும்தான். மற்ற இருவருக்கும் தெரிந்திருக்கும் என்று நான் இருந்துவிட்டேன். அவர்களும் அப்படியே இருந்திருக்கிறார்கள். 'நீ ஏறு, நான் பிடிக்கிறேன்' என்று சொல்ல ஒருநாளும் ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அவன் கோபப்படவில்லை. ஒன்றும் புரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நான் ஒரு வருஷம் வரலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"



என்னைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக் கொடுத்தான். "வலது கை இந்தக் கயித்த விடவே கூடாது. மூக்கு அரிச்சாலும் விடக் கூடாது." முழங்கால் உயரத்தில் தொங்கிக் காட்டி, பிடிக்க வைத்துப் பார்த்தான். பத்துத் தடவையாவது இருக்கும். "மறந்துட மாட்டியே?" என்றான். மாட்டேன் என்றேன். என் குரலை எனக்கே நம்ப முடியவில்லை. அவன் பாறையில் கை வைத்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எங்கள் மூவரையும்விட நன்றாக ஏறினான். எந்த விரலை எந்த இடுக்கில் வைப்பது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்தே மனப்பாடமாகியிருந்தது. ஆனால் இரண்டு எட்டுக்கு ஒருதரம் நின்று கீழே பார்த்தான். எனக்கு உள்ளங்கை வியர்த்தது, தாடையில் ஏதோ பூச்சி ஊர்ந்தது, நான் கயிற்றை விடவில்லை.

உச்சியில் போய்க் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். பனி விலகி, அவனுக்குப் பின்னால் மலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்திருக்க வேண்டும்.

"பல்லு, என்ன தெரியுது?" என்று டாக்டரம்மா கத்தினார்.

"சுத்திப் பாருடா! திங்கக்கிழமை சொல்லணும்ல!" என்றான் எலெக்ட்ரீஷியன்.

அவன் தலையைத் திருப்பவே இல்லை. குனிந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவன், தன் வலது கையை இறுக மூடி என்னை நோக்கி நீட்டி, இப்படி, இப்படி என்று காட்டினான்.