பின்கதவு வைத்திருந்த டாக்டரம்மா

டாக்டரம்மா இறந்துவிட்ட செய்தி, கம்பெனியில் டீ நேரத்தில் வந்தது. "அவங்களை உங்களுக்குத் தெரியுங்களாக்கா?" என்று பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். "பார்த்திருக்கேன்" என்றேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. டாக்டரம்மாவை அறிந்த பெண்கள் திருப்பூரில் ஏராளம். எப்படித் தெரியும் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அவர்களில் ஒருத்தியாக நான் எழுதிவிடுகிறேன்.

விருதுநகர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்து, பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நின்றேன். அடிவயிற்று வலியும் வெள்ளைப்படுதலும் அயர்ன் சூட்டால் வருபவை என்று அங்கே எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். நானும் வெந்தயமும் மோருமாக ஒரு வருடத்தை ஓட்டினேன். கடைசியில் கிளினிக்குக்குப் போய்ச் சொன்னபோது டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சூடுமில்லை, ஒண்ணுமில்லை கண்ணு. கிளமிடியான்னு ஒரு கிருமியா இருக்கோணும். அதுக்கு இங்க டெஸ்ட் இல்லை. புருசன் பொண்டாட்டி சேர்றதுல ஒட்டிக்கும். பல பேருக்கு வெளியில ஒண்ணுமே காட்டாது. ரெண்டு பேரும் ஒரு வாரம் மாத்திரை சாப்பிடோணும், முடியற வரைக்கும் சேரக் கூடாது. அவரையும் கூட்டியா."

"அவுக வர மாட்டாக டாக்டரம்மா" என்றேன். வரவுமில்லை. டெய்லராக இருந்த என் வீட்டுக்காரர், "எனக்கும் சூடுதான்" என்று என் மாத்திரையில் பாதியை எடுத்து விழுங்கிவிட்டார். வலி திரும்பி வந்தது. "பங்கு போட்டுத் திங்க இதென்ன முறுக்கா?" என்று டாக்டரம்மா கோபப்பட்டார். ஆண்கள் கூச்சப்படாமல் வந்துபோக ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக்கின் பின்கதவைத் திறந்து வைத்திருப்பார். ஒருவழியாக என் வீட்டுக்காரரும் அதன் வழியே வந்தார். டாக்டரம்மா அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். இருவரும் முழு மருந்தையும் சாப்பிட்டோம், வலி தீர்ந்தது.

பிள்ளை மட்டும் உண்டாகவில்லை. கோயமுத்தூரில் எடுத்த எக்ஸ்ரேயில் கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருந்தன. "கிருமி போயிருச்சு கண்ணு. அது போட்ட தழும்பு மாத்திரைக்குப் போகாது" என்று மறைக்காமல் சொன்னார். மாமியார் வேறு பெண் தேடத் தொடங்கியதும், டாக்டரம்மா என் வீட்டுக்காரரை மறுபடி கூப்பிட்டுவிட்டார். "இது ரெண்டு பேருக்கும் இருந்த கிருமியால வந்ததுன்னு உங்கம்மாகிட்ட நான் சொல்லக் கூடாதுங்க. நீங்க சொல்லலாமில்லீங்க?" என்று கேட்டார். அவர் சொல்லவில்லை. அந்த வருடமே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போனார்.

துக்கத்துக்குப் போனேன். வாசல் நிறையப் பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஓரத்தில் என்னை விட்டுப்போன வீட்டுக்காரர், பக்கத்தில் அந்தப் புது மனைவி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஒரு வாரம் அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடாதிருந்தால் அந்தப் பெண்ணும் என்னைப்போல எக்ஸ்ரேயோடு அலைந்திருக்கக் கூடும் என்பது பிறகுதான் உறைத்தது. அவளுக்கு அது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவர் விட்டுப்போன அன்று டாக்டரம்மா என் லைன் வீடு தேடி வந்து சொன்னதை மனதில் வைத்திருக்கிறேன்: "உன்மேல தப்பில்லை கண்ணு. இதை வேற யாரும் உனக்குச் சொல்ல மாட்டாங்க, அதான் வந்தேன்."

அந்தக் குழந்தையைப் பற்றி யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் உள்ளே மாலைகளுக்கு நடுவில் படுத்திருந்தார்.