சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால்

அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் மூன்றாம் கட்டடத்தில், மாடியின் கடைசி அறையில் எட்டுக் கட்டில்கள். ஏழில் படுப்பவர்களுக்கு வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை. எட்டாவது ஆளுக்கு முப்பத்தைந்து. காதோரம் நரை தட்டியிருந்தது. வந்த இரண்டாம் நாளே பொடியன்கள் அவருக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் சரி என்று விட்டுவிட்டார்.

பெரியப்பா பாலம் கட்டும் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்து, பதினாறு வருடத்தில் சார்ஜென்ட் வரை வந்தவர். சார்ஜென்டாகவே இருந்தால் இன்னும் இரண்டு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு வேலை எதுவும் அவருக்குத் தெரியாது. படையில் இருப்பவர்களும் தேர்வு எழுதி அதிகாரியாகலாம் என்று ஒரு வழி உண்டு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிதான் விண்ணப்பத்தை நிரப்பினாள், இவர் கையெழுத்துப் போட்டார்.

கழகத்தில் கற்றுக்கொடுத்ததில் பாதி அவருக்கு அத்துப்படி. விசில் ஊதுவதற்கு அரைமணி முன்பே எழுந்து, அறை முழுவதற்கும் சட்டை தேய்த்து வைத்துவிடுவார். மைதானத்தில் அணிவகுப்பு நடத்தும் சார்ஜென்ட் அவரோடு ஒரே நாளில் படையில் சேர்ந்தவர். எல்லார் எதிரிலும் "கேடட்!" என்று அதட்டுவார். ஆளில்லாத நேரத்தில், "டேய், முழங்கால மடக்காதடா, என் மானம் போகுது" என்பார்.

இடித்தது ஒரே இடத்தில்தான். தலைமைத் தேர்வு. குட்டையின் அந்தக் கரைக்கு ஏழு பேரைக் கொண்டு சேர்க்க வேண்டும். கையில் பீப்பாய்கள், பலகைகள், கயிறு. நேரம் நாற்பது நிமிடம். தலைவராக நிற்பவர் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் நின்று வாயால் மட்டும்தான் வேலை வாங்கலாம். பொருளைத் தொட்டால் தோல்வி. முடிச்சுப் போடவே தெரியாத பொடியன்கள் எல்லாரும் முதல் தடவையிலேயே தேறிவிட்டார்கள். தூக்கத்தில்கூடப் பாலம் கட்டுகிற பெரியப்பா தோற்றார். ஒருவன் கயிற்றோடு தடுமாறுவதைப் பார்த்ததும், கோட்டைத் தாண்டிப் போய்த் தானே முடிச்சுப் போட்டுவிட்டார். இரண்டாம் முறை, முதல் ஆள் பலகையில் கால் வைக்கும் முன்பு தானே ஏறி நின்றார். மூன்றாம் முறையும் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பயிற்சிக்குப் பொறுப்பான கேப்டன் அவரைவிட ஏழு வயது சின்னவர். அறைக்கு அழைத்து உட்காரச் சொல்லி, இவ்வளவு தெரிந்த மனிதருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார். பழக்கம் என்றார் பெரியப்பா.

பழக்கம்தான்; அதற்கு வயது நான்கு வருடம். வெள்ளத்தில் போட்ட ஒரு பாலத்தின் நடுவில் ஆணி ஒன்று சரியாக இறங்கவில்லை. பெரியப்பாவின் குழுவில் குள்ளன் என்று ஒருவன். "நீ போ, நீதான் லேசு" என்று அவனை அனுப்பினார். பலகை புரண்டது. குள்ளனை மூன்றாம் நாள் எடுத்தார்கள். யார்மேலும் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். குள்ளனின் அக்கா வந்து அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். அதன்பிறகு பெரியப்பா யாரையும் முதலில் அனுப்பியதில்லை. "போ" என்று சொல்ல வாயெடுத்தாலே வலது கை நடுங்கும். சாப்பாட்டு மேசையில் மகளைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லும்போதுகூட நடுங்கியதை மனைவி பார்த்திருக்கிறாள்.

மூன்றாம் தேர்வு வியாழக்கிழமை காலை. பெரியப்பா கோட்டுக்குப் பின்னால் நின்று, ஒரு கையால் மற்றக் கையைப் பின்புறம் பிடித்துக்கொண்டார். பொடியன்கள் பீப்பாய்களை உருட்டினார்கள், கட்டினார்கள். இரண்டாவது கட்டு தொளதொளவென்று இருந்தது கண்ணில் பட்டது. அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். எட்டு நிமிடம் போயிற்று. அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஏழு பேரையும் ஒருமுறை பார்த்தார். எடை குறைந்தவன் மூக்குக்கண்ணாடி போட்டவன்.

"நீ போ," என்றார். "நீதான் லேசு."

அவன் போனான். பலகை கொஞ்சம் ஆடி நின்றது. மற்ற ஆறு பேரும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. கேப்டன் தாளில் எதையோ எழுதிவிட்டுத் தலையாட்டினார். அக்கரையிலிருந்து பொடியன்கள் பெரியப்பா, பெரியப்பா என்று கத்தினார்கள். அவர் கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தார்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மனைவியைப் போனில் கூப்பிட்டார். அவள் கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பாஸாயிட்டேன்."

"யாரை முதல்ல அனுப்புனீங்க?"

"இருக்கறதுலயே லேசான பையனை."

அவள் கடைக்கு வந்தவரிடம் ஒரு நிமிடம் இருக்கச் சொன்னது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "கை நடுங்குச்சா?" என்றாள்.

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"நடுங்கவே இல்ல. ஒண்ணுமே தோணல. எதையோ எடுத்துட்டு வாடான்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

இந்த ஒரு வருடமாக அவர் தேற வேண்டும் என்று அவள் வேண்டாத நாள் இல்லை. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சமாவது நடுங்கியிருக்கலாங்க," என்றாள் கடைசியில்.

"ஆமா," என்றார் பெரியப்பா. "நடுங்கும்னுதான் நானும் கையப் பின்னாடி புடிச்சிட்டு நின்னேன்."