சிதையில் குதித்தவளும் கீரிமலைக்குப் போகாதவரும்

கனடாவில், எங்கள் அஜின்கோர்ட் பகுதியில் பட்டப்பகலில் காசு கொடுத்து அழப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து அப்பார்ட்மென்ட் மார்கரெட் அப்படி ஒருத்தி. என் கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, ஆறுதலாக இருக்குமென்று என்னையும் தியேட்டருக்கு இழுத்துப் போனாள். ஏதோ ஜெர்மன் ஓபராவைப் படமாக்கியிருந்தார்கள். தேவர்கள், நதிப் பெண்கள், ஒரு மோதிரம் என்று ஐந்து மணித்தியாலம் தொண்டை கிழியப் பாடினார்கள். நான் நன்றாகத் தூங்கினேன்.

விழித்தபோது நாயகன் செத்துக் கிடந்தான். தன்னை நம்பியவளை மறந்து, அவளையே இன்னொருவனுக்குப் பிடித்துக் கொடுத்தவனாம். அவள் விறகு அடுக்கச் சொல்லித் தன் கையாலேயே கொள்ளி வைத்தாள். பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசல் படலையோடு நின்றுவிடுவோம். இங்கே அப்படியில்லை. மகன் இல்லாததால் மின்தகனப் பொத்தானை நானே அமத்தினேன். "என்ன பாசம்!" என்று அன்ரிமார் அழுதார்கள். முப்பது வருடம் அடி வாங்கியவள் நான். ஒருதரம் போதாதோ என்று இரண்டாம் தரமும் அமத்தினேன்.

திரையில் அவள் குதிரையோடு நெருப்புக்குள் பாய்ந்தாள். தேவலோகம் எரிந்தது. ஆறு பெருகி எல்லாவற்றையும் மூடியது. "அவனை மன்னித்துவிட்டாள், முடிவு விளங்கியதா?" என்று மார்கரெட் மூக்கைச் சிந்தினாள். தலையாட்டினேன். நான் கணவரை நினைத்துத்தான் கலங்குகிறேன் என்று எண்ணிக் கட்டிப்பிடித்தாள். எனக்கு விளங்கியது வேறு. அவனைக் கொளுத்தியது சரி. பிறகு இந்த மடைச்சி ஏன் உள்ளே போனாள்? குதிரை என்ன பாவம் செய்தது?

வீட்டுக்கு வந்ததும் ஊரிலிருந்து கணவரின் தம்பி போன் எடுத்தார்.

"மச்சாள், அண்ணையின்ரை சாம்பலை எப்ப கொண்டு வாறியள்? கீரிமலைக் கடலிலை கரைக்க ஐயருக்கும் சொல்லிப்போட்டன்."

"கொண்டு வரேல்லை."

"அவர் சாகேக்கை உங்களிட்டைச் சத்தியம் வாங்கினவர் எல்லோ? உந்தப் பனிக்குள்ளை விட்டிடாதை எண்டு?"

"ஓம். வாங்கினவர்."

போனை வைத்துவிட்டுச் சாம்பல் பெட்டியைத் தூக்கிப்போய்ப் பல்கனியில் வைத்தேன். கனடா வந்த முதல் பனி மாரியில், குழம்பில் உப்புக் கூடியதென்று என்னை வெறுங்காலோடு அங்கேதான் நிறுத்திக் கதவைப் பூட்டினார். ஊரென்றால் வேலி பாய்ந்து அம்மாவிடம் ஓடியிருப்பேன். பதினோராம் மாடியில் எங்கே ஓடுவது? இப்போது நான் பூட்டினேன். சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பெட்டியின் மேல் பனி ஏறுவதைக் கண்ணாடிக்கு உள்ளே நின்று பார்த்தேன். ஊருக்கும் போகாமல் இந்த நாட்டிலும் கரையாமல் அவர் கிடந்தார். நானும் அப்படித்தான். ஆனால் எனக்கு ஹீற்றர் இருக்கிறது.